சிவப்பிரகாசத்துக்கு வாய்த்த உடம்பு

பாகூருக்குப் போய்ச் சிற்பி செல்வகுமாரி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பொம்மைக்காரி வீடு என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டும். அங்கே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு அவள் ஆளுயரத்துக்கு மனித உருவங்கள் செய்கிறாள். டெல்லியில் கண்காட்சி வைத்திருக்கிறாள். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பறையில், அவள் செய்த பெண்கள் வரிசையாக நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். பாகூர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும். கேட்டுவிட்டு, "சரிம்மா, புதுசா வூடு கட்டியிருக்கோம், திருஷ்டிக்கு ஒரு பூதம் செஞ்சி குடேன், நாக்கு மட்டும் கொஞ்சம் நீட்டமா இருக்கட்டும்" என்று சொல்லும்.

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால் பாகூரிலும் கரையாம்புத்தூரிலும் புது வீடுகளின் நெற்றியில் தொங்கும் பூதங்களில் பாதி, கலைக் கல்லூரியில் முதுகலை படித்த கை செய்த பூதங்கள். அவற்றின் கழுத்து நரம்பும் தோள்பட்டையும் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். யார் பார்க்கிறார்கள்? எல்லாரும் நாக்கைத்தான் பார்க்கிறார்கள்.

பூதத்துக்காவது முகம் உண்டு. அவள் தனக்காகச் செய்யும் உருவங்களுக்கு முகம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் முதுகு இருக்கிறதே, அதை மாதக்கணக்கில் செய்வாள். ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முகம் எதற்கு, அவன் நிற்கிற நிலையும் இடுப்புச் சாய்வும் போதாதா என்பது அவள் கட்சி. கொட்டகையை எட்டிப் பார்க்கிற ஊர்க்காரர்களோ, எல்லாம் நல்லா இருக்குது, மூஞ்சிய எப்ப வெப்ப என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுடைய அப்பா குழந்தைவேல், கரும்பு போட்டுப் பெண்ணைப் படிக்கவைத்த மனிதர், அவளுடைய முதல் பெரிய சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதுக்கு முன்பக்கம் எது?

இந்த முதுகுப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று டெல்லியில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, அது தத்துவம் என்பதுபோலச் சிரித்து வைத்தாள். உண்மை வேறு. கல்லூரியில் ஒரு ஆளை நடுவில் நிற்கவைத்து, மாணவர்கள் சுற்றி நின்று களிமண்ணில் உருவம் பிடிக்கிற வகுப்பு காலையில் முதல் வகுப்பு. பாகூரிலிருந்து போகிற பஸ் ஒருநாளும் அதற்கு நேரத்தில் போய்ச் சேராது. இவள் ஓடிப்போய் நுழையும்போது முன்னால் உள்ள இடமெல்லாம் நிறைந்திருக்கும். மிச்சம் இருப்பது அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒரு இடம். படித்து முடிக்கிற வரைக்கும் அவள் பார்த்தது முதுகுதான்.

பஸ் கெடுத்த படிப்புக்குப் பரிகாரமாகவோ என்னவோ, பஸ் டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டாள். தணிகைவேல் பாகூர், கன்னியக்கோவில் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரு தனியார் பஸ் ஓட்டுகிறான். நல்லவன். ஆனால் கொட்டகைக்குள் அவன் கால் வைக்கக் கூடாது என்று சட்டம். ஒரு தடவை ஈரக் களிமண் உருவம் ஒன்றின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு சாப்பாடு ஆச்சா என்று கேட்டான். தோள் இறங்கிப்போய்விட்டது. இவள் நாள் முழுக்க அழுதுவிட்டு, மறுபடி செய்யத் தெம்பில்லாமல் அப்படியே வார்த்து அனுப்பினாள். அந்தத் தோளில் தொங்கும் துயரத்தைப் பற்றி ஒரு விமர்சகர் நீளமாக ஒரு பத்தி எழுதினார். சட்டம் மட்டும் மாறவில்லை.

இப்படி இருக்கிறவளுக்கு ஒரே ஒரு குறை. எங்கெங்கோ இருப்பவர்கள் அவள் செய்த உருவத்தைப் பார்த்து ஆகா என்கிறார்கள். அவள் யாருடைய முதுகுகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தாளோ அந்த ஊர், ஒரு தடவையாவது அவள் செய்ததைப் பார்த்து, அட, இது ஒரு ஆள் என்று சொல்லவில்லை. வெளியே சொன்னால் வெட்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அப்போதுதான் தையலம்மாள் வந்தார். ரோட்டோரம் பெரிய நிலம் வைத்திருந்த சிவப்பிரகாசத்தின் மனைவி. சிவப்பிரகாசம் போய் வருஷம் திரும்பப் போகிறது. முதலாண்டு நினைவுக்கு, நிலத்து மோட்டார் கொட்டகைப் பக்கம் அவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும், அதுவும் நிற்கிற சிலை. பாகூரிலிருந்து பூதமல்லாத முதல் கோரிக்கை. செல்வகுமாரி சந்தோஷத்தில் பிசைந்துகொண்டிருந்த களிமண்ணை அப்படியே விட்டு எழுந்தாள். சிலை ரோட்டைப் பார்க்க வேண்டுமா, நிலத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள்.

"ரோட்டப் பாத்துக்கினு நிக்க அவரு இன்னா கடையா வெச்சிருந்தாரு? பயிரப் பாக்கட்டும்" என்றார் தையலம்மாள்.

அப்படியானால் ரோட்டில் போகிற வருகிற பாகூர் முழுக்கப் பார்க்கப்போவது முதுகை. செல்வகுமாரிக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

படம் கேட்டாள். தையலம்மாளின் மகன் அரிகரன் மூன்று கொண்டுவந்து கொடுத்தான். ஒன்று கல்யாணப் படம். மாலைக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. இன்னொன்று வாக்காளர் அட்டைப் படம். அதில் எல்லாரையும் போல அவரும் குற்றவாளியாக இருந்தார். மூன்றாவது, கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சிவப்பிரகாசத்தின் தலையை எடுத்து யாரோ ஒரு கோட்டு சூட்டுக்காரரின் உடம்பில் ஒட்டியிருந்தார். ஆயுசுக்கும் பனியனைத் தாண்டிப் போகாத மனிதர், பின்னால் சுவிட்சர்லாந்து மலை தெரிய, டை கட்டி நின்றார். ஊரில் ஒருத்தரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

முகத்துக்குப் பஞ்சமில்லை, உடம்புக்குத்தான் பஞ்சம். அவர் எப்படி நிற்பார் என்று தையலம்மாளிடம் கேட்டாள். தையலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனுஷன் மாதிரிதான் நின்னாரு என்றார். வேட்டி கரை வேட்டியாக இருக்கட்டும், கையில் வாட்ச் இருக்கட்டும், துண்டை மடிப்பாகப் போடு என்று இதற்கெல்லாம் மளமளவென்று பதில் வந்தது. எப்படி நிற்பார் என்ற கேள்விக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அரிகரனைக் கேட்டால் அம்மாவைப் பார்த்தான்.

பரவாயில்லை என்று செல்வகுமாரி நினைத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் தெரியுமே. கல்லூரி நாளில் தினம் காலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த முதுகு அது. மோட்டார் கொட்டகைச் சுவரில் சிவப்பிரகாசம் என்று பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்து வரப்பில் ஒரு ஆள் நிலத்தைப் பார்த்து நிற்பார். எடை முழுக்க இடது காலில். வலது கை முதுகுக்குப் பின்னால் போய் இடது முழங்கையைப் பிடித்திருக்கும். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, உலகத்தில் தன்னை நகர்த்த ஒருத்தனும் பிறக்கவில்லை என்பது போல ஒரு நிலை. தினம் பார்த்த அந்த முதுகுக்கு எந்த முகம் என்று ஒருநாள் இறங்கிப்போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. சிவப்பிரகாசம் நிலத்தில் சிவப்பிரகாசம் நிற்காமல் வேறு யார் நிற்பார்?

வேறு ஒருத்தர் நிற்பார். அதுதான் சங்கதி. பக்கத்து நிலத்துச் சுப்புராயன், அந்த வரப்பு தன்னுடையது என்று சிவப்பிரகாசத்தோடு இருபது வருஷமாகத் தகராறு செய்தவர். கோர்ட்டுக்குப் போகாமல் அவர் கண்டுபிடித்த வழி, தினம் காலையில் வந்து அந்த வரப்பில் நிற்பது. சண்டை போட மாட்டார், ஒன்றும் பேச மாட்டார், நிற்பார். சிவப்பிரகாசம் அந்த மூஞ்சியில் விழிக்க வேண்டாம் என்று சாயங்காலத்தில்தான் நிலத்துக்கு வருவார். செல்வகுமாரிக்குச் சுப்புராயனை நன்றாகத் தெரியும், ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த சுப்புராயனை. நிற்கிற சுப்புராயனை அவள் சிவப்பிரகாசம் என்று மனதில் வார்த்து வைத்திருந்தாள்.

கம்பிக் கூடு கட்டி, களிமண் ஏற்றி, முதுகிலிருந்து ஆரம்பித்தாள். அவள் ஆயுளில் அப்படி ஒரு முதுகு வந்ததில்லை. முகத்தைத் தனியாகச் செய்தாள். இந்தத் தடவை உண்மையான முகம், மூக்கு நுனி மச்சம் வரைக்கும். எல்லாவற்றையும் அச்செடுத்து ஃபைபரில் வார்த்து, தலையைக் கழுத்தில் பொருத்தி, துணியைச் சுற்றினாள். தணிகைவேல் கதவிடுக்கில் பார்க்க முயன்று திட்டு வாங்கினான்.

நினைவு நாளன்று பந்தல் போட்டு, மைக் வைத்து, வயலோரம் கூட்டம் சேர்ந்தது. துக்கக் காரியத்தில் பகை பார்ப்பதில்லை என்பதால் சுப்புராயனும் வந்திருந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் வழக்கமான வரப்பில் போய் நின்றுகொண்டார். அரிகரன் துணியை இழுத்தான். சிவப்பிரகாசத்தின் முகம் வெளியே வந்தது. தையலம்மாள், அய்யோ என் ராசா, மச்சத்தக்கூட வுடலியே என்று அழுதார். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். செல்வகுமாரியும் அழுதாள், அவள் அழுகை வேறு கணக்கு.

எல்லாரும் முன்பக்கம் நின்றார்கள் என்பதுதான் வினை. அந்த நேரத்தில் தணிகைவேலின் பஸ் ரோட்டில் வந்தது. அவன் தினமும் அந்த இடத்தில், வரப்பில் நிற்கிற சுப்புராயனுக்கு இரண்டு குட்டி ஹாரன் அடிப்பான். சுப்புராயன் திரும்பாமலே கையைத் தூக்குவார். அன்றைக்கும் முதுகு தெரிந்தது, அடித்தான். சிலை கை தூக்கவில்லை. அதற்கு நாலு எட்டு தள்ளி, வரப்பில் அதே மாதிரி நின்றிருந்த சுப்புராயன் பழக்கத்தில் கையைத் தூக்கினார். பஸ் நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"இன்னா சுப்புராயண்ண, ரெண்டு பேரா நிக்கிறீங்க?" என்று தணிகைவேல் சத்தமாகக் கேட்டான்.

முன்பக்கம் நின்ற கூட்டம் ஒவ்வொருவராகப் பின்பக்கம் நகர்ந்து வந்தது. வந்தவர்கள் சிலையைப் பார்த்தார்கள், சுப்புராயனைப் பார்த்தார்கள், மறுபடி சிலையைப் பார்த்தார்கள். அதே இடுப்பு, அதே கை, அதே தோள். சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை, பஸ் வரைக்கும் போனது. மைக்செட்காரர் மைக்கை அணைக்க மறந்ததால் அவர் சிரித்தது பக்கத்து ஊருக்கும் கேட்டது.

சுப்புராயன் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக வந்து சிலைக்குப் பின்னால் நின்று, தன் முதுகை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் கனிந்தது. இவ்வளோ எடுப்பாவா நிக்கிறேன் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பி, வரப்பு என்னுதுன்னு அவுங்களே என்ன நிக்க வெச்சிட்டாங்க, இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் என்று நிதானமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு தையலம்மாள் பேசியதை அச்சில் போட முடியாது. துணி மறுபடி சிலையைச் சுற்றியது. பந்தியில் சாம்பார் ஊற்றிய சத்தம் தவிர வேறு சத்தமில்லை. செல்வகுமாரி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நெஞ்சுக்குள் யாரோ தாளம் தட்டினார்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒருத்தன் அவள் செய்த உருவத்தை ஆள் என்று நினைத்து ஹாரன் அடித்திருக்கிறானே. அது தன் புருஷன் என்பதால் கணக்கில் சேர்க்கலாமா என்றுதான் சந்தேகம். சாயங்காலம் வந்தவனிடம், பார்த்துவிட்டு அடிக்கக் கூடாதா என்று சண்டைக்குப் போனாள். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன் என்று அவன் பரிதாபமாகச் சொன்னான்.

மறுநாள் நிலத்துக்குப் போய்த் தையலம்மாள் முன் நின்றாள். தப்புதான், மாற்றித் தருகிறேன் என்றாள். சும்மா இருந்திருக்கலாம், வாய் கேட்கவில்லை. பேனரில் யாரோ ஒருத்தர் உடம்பில் அவர் தலை இருந்ததே, அதற்கு மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டுவிட்டாள்.

"அது யாரோ. இது சுப்புராயன்" என்றார் தையலம்மாள்.

செல்வகுமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். இனிமேல் என்னால் ஊகிக்க முடியாது, இன்னொரு தப்பு நடந்தால் நான் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும், சொல்ல வராவிட்டால் நின்றாவது காட்டுங்கள் என்றாள். தையலம்மாள் அக்கம்பக்கம் பார்த்தார். அரிகரன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படி நிக்கிறத சிலையா வெச்சா ஊரு சிரிக்கும் என்று தையலம்மாள் முணுமுணுத்தார். நேத்தே சிரிச்சிடுச்சேம்மா, இதுக்கு மேல இன்னா இருக்குது என்றான் மகன்.

தையலம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். இரண்டு கையையும் கோத்துத் தலைமேல் வைத்தார். வயிற்றை முன்னால் தள்ளினார். பிறகு வலது காலைத் தூக்கி, அதன் விரல்களால் இடது கெண்டைக்காலை நிதானமாகச் சொறிந்தார். ஒற்றைக் காலில், கண்ணைச் சுருக்கிப் பயிரைப் பார்த்தபடி, கொக்கு மாதிரி நின்றார்.

அரிகரன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. அப்பா என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். தையலம்மாள் காலை இறக்கவில்லை. அந்த நிலையிலேயே அவர் கண்ணிலும் நீர் வழிந்தது. செல்வகுமாரி ஓசைப்படாமல் அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள்.

ஒற்றைக் காலில் நிற்கிற ஆளை நிறுத்துவதற்கு அவள் பட்ட பாடு தனிக் கதை. அந்த ஒற்றைக் காலுக்குள் போன கம்பியில் ஒரு சின்னப் பாலம் கட்டலாம். தலையை மட்டும் பழைய உடம்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. தையலம்மாள் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல, கிரைண்டர் மெஷினால் கழுத்தை அறுத்தாள். இப்போது சிவப்பிரகாசம் மோட்டார் கொட்டகையருகே கெண்டைக்காலைச் சொறிந்தபடி நிற்கிறார். ரோட்டில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள்தான். தையலம்மாளும் சாயங்காலத்தில் வந்து பார்த்துச் சிரிக்கிறார்.

மிச்சம் நின்றது தலையில்லாத சுப்புராயன். அதைத் தன் நிலத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சுப்புராயன் ஆசையாகக் கேட்டார். அவர் மனைவி அம்சவள்ளி சிலையை வந்து பார்க்கக்கூட இல்லை. இருக்கிற ஒன்று போதும், ரெண்டு வேண்டாம் என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் செல்வகுமாரி அதைக் கொட்டகைக்கு வெளியே, ஏரிக்கரைக்கு முதுகு காட்டி நிறுத்திவைத்தாள். கழுத்து ஓட்டையில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க, ஒரு சாக்கை மடித்து, வயலில் வேலை செய்கிறவர்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற மாதிரி கவிழ்த்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செல்வகுமாரி உள்ளே களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். ஏரிக்கரையில் ஆடுகளை அவசரமாக ஓட்டிக்கொண்டு வந்த அம்சவள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

"இன்னாயா, இங்கயும் வந்து நின்னுட்டியா? இதுவும் உன் எடமா? மழ வருது, வூட்டுக்கு வா" என்றார் அம்சவள்ளி.

செல்வகுமாரியின் கை களிமண்ணுக்குள் நின்றது. எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. அம்சவள்ளி கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தார். முப்பது வருஷமாகப் பதில் சொல்லாத மனிதர்தான் என்பதால் அவருக்கு அது ஆச்சரியமாக இல்லை.

"நில்லு, நல்லா நில்லு. ஜொரம் வந்தா கஞ்சி வெக்கிறவ நானு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன். சூடு ஆர்றதுக்குள்ள வந்து சேரு."

ஆடுகள் முன்னால் போக, அவர் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. செல்வகுமாரி களிமண் கையோடு கொட்டகை வாசலில் வந்து நின்று, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும் அந்த முதுகைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.